வக்கீலுக்கு ரீல்ஸ் எதற்கு? மாதம் 15,000 கட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

நீங்கள் பார் கவுன்சிலில் வக்கீலாக என்ரோல் ஆகி மூன்று வருடம். சீனியரிடமிருந்து பிரிந்து, மாவட்ட கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் தனி ஆபீஸ் போட்டு ஆறு மாதம். ஒரு மார்க்கெட்டிங் ஏஜென்சி வந்து, இன்ஸ்டாகிராம், யூடியூப், பேஸ்புக் மூன்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், மாதம் 15,000 ரூபாய், வாரத்துக்கு நான்கு ரீல்ஸுக்கு வந்து பேசினால் போதும் என்கிறது. இதில் இறங்கலாமா, ஒரு வக்கீல் செலவழிக்கும் நேரத்துக்குச் சமூக ஊடகம் பலன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது இது, கேட்க வந்தது வேறு என்று நினைக்கிறேன். வாடகை கட்ட வேண்டும், கட்சிக்காரர்கள், அதாவது வழக்கைக் கொடுக்கிறவர்கள், எங்கிருந்து வருவார்கள் என்பதுதான் அது. இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 24 வருடமாகத் தொழிலில் இருக்கிறேன். பெரும்பாலும் சிவில், குடும்ப நல வழக்குகள், கொஞ்சம் செக் கேஸ், அதாவது பணமில்லாமல் செக் திரும்பிய வழக்கு. எல்லாம் தாலுகா, மாவட்ட கோர்ட்டுகளில். அப்பீலுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஒரு பேஸ்புக் பக்கம் ஒன்பது வருடமாக ஓடுகிறது. யூடியூபில் இரண்டு வருடம் பேசிப் பார்த்துவிட்டு நிறுத்தினேன். கம்பெனி சட்டம், டிரேட்மார்க், ஸ்டார்ட்அப் என்று சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்களின் உலகம் வேறு. நான் சொல்வதை அப்படியே அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. பலன் உண்டா என்பதற்கு முன்னால், அனுமதி உண்டா என்ற கேள்வி நிற்கிறது. வக்கீல்களின் தொழில் ஒழுக்கத்துக்கு விதி வகுக்கும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் 36-ஆவது விதியை ஒரு முறை முழுசாகப் படியுங்கள். வக்கீல் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை கேட்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது. சுற்றறிக்கை, விளம்பரம், தரகர், தனிப்பட்ட கடிதம் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. தான் ஆஜராகும் வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் எழுத வைப்பதும், அந்த வழக்கோடு சேர்த்துத் தன் போட்டோவை வெளியிட வைப்பதும் அதே தடைக்குள் வருகின்றன. பெயர்ப்பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும், அதில் இன்ன வேலையில் நிபுணர் என்று போடக் கூடாது. 2008-ல் ஒரு சலுகை சேர்த்தார்கள்: இணையதளம் வைக்கலாம். அதில் பெயர், முகவரி, போன், மின்னஞ்சல், என்ரோல்மென்ட் எண்ணும் தேதியும், எந்த பார் கவுன்சில், எந்தச் சங்கம், படிப்பு, எந்தத் துறைகளில் தொழில் என்பது, அவ்வளவுதான். அதையும் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துச் செய்ய வேண்டும். வேடிக்கை என்னவென்றால், வாசல் பலகையில் போடக் கூடாத துறையை இணையதளத்தில் போடலாம்.

நம் ஊரிலேயே இதற்குத் தீர்ப்பு இருக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஆன்லைன் தளங்கள் வழியாக வேலை தேடும் வக்கீல்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க மாநில பார் கவுன்சில்களுக்கு வழிகாட்டும்படி இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. குவிக்கர், சுலேகா, ஜஸ்ட்டயல் போன்ற தளங்களை வைத்து வந்த வழக்கு அது. வக்கீலுக்கு நட்சத்திரம் போட்டுத் தரம் பிரிப்பதையும் கட்டணம் போட்டு விற்பதையும் நீதிபதிகள் கடுமையாகவே சாடினார்கள். அப்புறம் 2025 மார்ச்சில், நடிகர்களையும் இன்ஃப்ளூயன்சர்களையும் வைத்து வக்கீல்கள் விளம்பரம் செய்வதைக் கண்டித்து இந்திய பார் கவுன்சில் அறிக்கையே விட்டது. புகார் வந்தால் அது வக்கீல்கள் சட்டம் 1961-ன் 35-ஆவது பிரிவின் கீழ் தொழில் ஒழுக்கக் கேடு. கண்டிப்பதிலிருந்து, குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை, பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்குவது வரை போகலாம்.

இந்தத் தடைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பம்பாய் மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் நின்று, வருகிற ஆட்களை மடக்கி, ஒருவருக்கொருவர் தள்ளுமுள்ளு செய்து வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்த சில வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுத்தார்கள். அது 1975-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது; தபோல்கர் வழக்கு என்பார்கள். வக்கீல் தொழில் வியாபாரம் அல்ல என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியது அதில்தான். ஏஜென்சிக்காரர் காட்டும் திட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வருகிறது. அன்று கையைப் பிடித்து இழுத்தார்கள், இன்று கட்டைவிரலைப் பிடித்து நிறுத்துகிறார்கள்.

ஏஜென்சி காட்டும் வெற்றிக் கதைகள் பெரும்பாலும் அமெரிக்காவைப் பார்த்து எழுதியவை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே அரிசோனாவில் இரண்டு வக்கீல்கள் தங்கள் கட்டணத்தைப் பத்திரிகையில் விளம்பரம் செய்து, அந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1977-ல் விளம்பரத்துக்குக் கதவு திறந்தது. நமக்கு அப்படி எதுவும் திறக்கவில்லை.

இனி சந்தேகத்துக்கு உரிய பகுதி. சட்டத்தை விளக்கி ஒரு வீடியோ போடுவது விளம்பரமா? அல்ல என்பதே என் கருத்து. செக் திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது மக்களுக்குப் பயன்படும் வேலை. அதே வீடியோவின் கீழே போன் நம்பர் ஓடினால்? 'அழைக்கவும்' என்று போட்டால்? 'இது என் கட்சிக்காரருக்கு நான் வாங்கிக் கொடுத்த தீர்ப்பு' என்று ஆரம்பித்தால்? கடைசியாகச் சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அது விதிக்குள் மாட்டும். நடுவில் இருப்பவை யார் புகார் கொடுக்கிறார்கள், எந்தக் குழு விசாரிக்கிறது என்பதைப் பொறுத்தவை. தினமும் நூறு பேர் இதைச் செய்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பீர்கள். சரிதான். சங்கத் தேர்தலுக்கு முன் கோர்ட் சுவரெல்லாம் வக்கீல்கள் படம் போட்ட பிளெக்ஸ்தான், அதற்கும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் வழக்கில் எதிர்த்தரப்புக்காரன் ஒருவன் கோபத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பும் நாளில், நூறு பேரும் உங்களோடு வந்து நிற்கப் போவதில்லை.

சரி, விதியைத் தாண்டி, பலனுக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் ஒரு வருடம் முழுக்க, புதிதாக ஆபீஸுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் 'என் பெயரை யார் சொன்னது' என்று கேட்டு, குமாஸ்தா ஒரு நோட்டில் எழுதி வந்தார். பழைய கட்சிக்காரர்கள் அனுப்பியவர்கள்தான் அதிகம். அடுத்து ஆவண எழுத்தர்கள், பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள். அப்புறம் மற்ற வக்கீல்கள்; வெளியூர்க்காரர்கள், அல்லது கிரிமினல் மட்டும் பார்ப்பதால் சிவிலை என்னிடம் தள்ளிவிடுபவர்கள். ஒரு ஆச்சரியம்: நான் குறுக்கு விசாரணை செய்ததைப் பார்த்த எதிர்த்தரப்புச் சாட்சி ஒருவர், தன் சொந்த வழக்குக்கு என்னையே தேடி வந்தார். என் வீடியோவைப் பார்த்துவிட்டு மட்டும் வந்தவர்கள், கையை விரித்து எண்ணினால் விரல் மிச்சம் இருக்கும். அப்போது வீடியோக்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன.

அந்த நோட்டில் இன்னொன்றும் கிடைத்தது, அதுதான் உங்களுக்கு உதவும். யாரோ பெயர் சொல்லி அனுப்பியவர்களில் பலர் வருவதற்கு முன் என்னைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். 'பேஸ்புக்ல உங்க எழுத்தைப் படிச்சேன் சார், அதான் தைரியமா வந்தேன்.' பெயர் வேறு வாயிலிருந்து வருகிறது. என் பக்கம் செய்வது, அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார், விஷயம் தெரிந்தவர்போல் இருக்கிறார் என்று உறுதிப்படுத்துவது மட்டும். அதற்கு வாரம் நான்கு ரீல்ஸ் வேண்டாம். ஒழுங்காக எழுதிய பதினைந்து இருபது பதிவுகள் வருடக்கணக்கில் அந்த வேலையைச் செய்யும்.

நேரடியாகவே ஆன்லைனில் வக்கீல் தேடும் கூட்டம் ஒன்றும் இருக்கிறது: வெளிநாட்டில் இருப்பவர்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, தஞ்சாவூர்ப் பக்கம் அப்பா விட்டுப்போன நிலத்தை அண்ணன் தன் பெயருக்கு மாற்றிவிட்டார் என்று கேள்விப்படுகிறவர்கள். ஊரில் விசாரித்தால் விஷயம் அண்ணன் காதுக்குப் போய்விடும். அதனால் அவர்கள் போனில்தான் தேடுவார்கள். அவர்களுக்குத் தேவையானதை நீங்கள் எழுதி வைத்திருந்தால் கண்ணில் படும். உதாரணமாக, வெளிநாட்டில் எழுதி அனுப்பும் பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. பீரோவில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்து வருவார்கள். இந்த ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதிய என் பழைய பதிவு, இரண்டு வருட யூடியூபைவிட எனக்கு அதிகம் செய்திருக்கிறது. படித்தவர்களில் வெளியூர் வக்கீல்களும் உண்டு. 'உங்க ஊர்ல ஒரு எக்ஸிகியூஷன் பெட்டிஷன் இருக்கு, பார்த்துக்க முடியுமா' என்று, அதாவது தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனுவை, அவர்கள் ஒப்படைப்பதுதான் நிஜமான வருமானம்.

இப்போது செலவுக் கணக்கு. ஏஜென்சி கேட்கும் 15,000 அதில் சின்னது. ஒரு நிமிட வீடியோவை ஒழுங்காகப் பேச, சட்டப் பிரிவைப் பார்த்து, புதிதாகத் தீர்ப்பு வந்திருக்கிறதா என்று தேடி, எழுதி, பேசி முடிக்க எனக்கு மூன்று மணி நேரம் ஆகும். அதில் குறைத்தால் தப்பு வரும். 'பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு' என்று ஒரு ரீல் போடுகிறீர்கள் என்று வையுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் 1989-ல் வந்தது, அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தாது. அதே சட்டத்துக்கு மத்திய அரசின் திருத்தம் 2005-ல். 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்றது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக நடந்து முடிந்த பாகப்பிரிவினையை இந்தத் திருத்தத்தை வைத்துக் கலைக்க முடியாது. அப்பா தானாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இத்தனையும் ஒரு நிமிடத்தில் எங்கே போகும்? கடைசி இரண்டு வரிதான் வெட்டுப்படும். கேஸ் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் அந்த இரண்டு வரியில்தான்.

அதைவிடப் பெரிய செலவு, போன். வீடியோ ஓட ஆரம்பித்ததும் ராத்திரி பத்து மணிக்கு ராமநாதபுரத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் அழைப்புகள் வரும். 'ஒரு சின்ன சந்தேகம் சார்.' நாற்பது நிமிடம் பேசுவார். அவர் ஊரில் ஏற்கெனவே ஒரு வக்கீல் இருப்பார். அவர் சொன்னது சரியா என்று உங்களிடம் சரிபார்க்கிறார். பீஸ் என்ற பேச்சே எழாது. இதில் பாதிப் பேருக்கு உண்மையிலேயே கையில் காசில்லை. அவர்களை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிவிடுங்கள், 15100 என்ற இலவச எண்ணைக் கொடுங்கள். மீதிப் பேர் கடைசிவரை கட்சிக்காரர் ஆக மாட்டார்கள். யூடியூபை நான் நிறுத்தியதற்கு இதுதான் காரணம்.

நான் பட்ட ஒரு அடியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பேஸ்புக் குழுவில் பெயர் போடாமல் ஒருவர், வீட்டுப் பங்கு வழக்கில் தன் தம்பி தாக்கல் செய்த எதிர்வாதத்தை எப்படி உடைக்கலாம் என்று கேட்டிருந்தார். கேள்வி சுவாரசியமாக இருந்தது. இரண்டு பத்தி எழுதினேன், இன்ன ஆவணத்தைக் கேட்டு மனுப் போடுங்கள் என்று. மூன்று வாரம் கழித்து என் சொந்த கேஸ் கட்டிலேயே அந்த மனு வந்து விழுந்தது, கிட்டத்தட்ட என் வாக்கியங்களோடு. அந்தத் தம்பி என் கட்சிக்காரர். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளச் சம்மதம் எழுதிக் கொடுத்து, வாங்கிய பீஸைத் திருப்பித் தந்தேன். முகம் தெரியாதவருக்குப் பொதுவாகச் சட்டம் சொல்லலாம். அவர் வழக்குக்கு வழி சொல்லக் கூடாது. ஆபீஸுக்கு ஒருவர் வந்தால் எதிர்த்தரப்பு யார் என்று முதலில் கேட்போம் இல்லையா? கமென்ட்டில் அதைக் கேட்க வழியே இல்லை.

கூகுள் மேப்பில் ஆபீஸைப் போட்டு வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முகவரி, நேரம், போன் மட்டும் என்றால் எனக்கு அதில் பெரிய உறுத்தல் இல்லை, 2008 சலுகையின் போக்குக்கு அது ஒட்டித்தான் போகிறது. எழுத்துப்படி அந்தச் சலுகை இணையதளத்துக்கு மட்டும் என்பதையும் மனதில் வையுங்கள். பிரச்சினை அதன் கீழே வரும் விமர்சனங்கள். தோற்ற எதிர்த்தரப்புக்காரர் ஒரு நட்சத்திரம் கொடுத்து, 'பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்' என்று எழுதுவார். ஹோட்டல்காரர் என்றால் பதில் போடலாம். நீங்கள் என்ன போடுவீர்கள்? கட்சிக்காரர் உங்களிடம் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டமே கட்டிப்போடுகிறது. பழைய சட்டத்தில் 126, இப்போதைய பாரதிய சாட்சியச் சட்டத்தில் 132-ஆவது பிரிவு. உண்மையைச் சொன்னால் அது ரகசியத்தை உடைத்தது ஆகும். சும்மா இருப்பதுதான் வழி. நட்சத்திரத்தைச் சரிக்கட்டக் கட்சிக்காரர்களைக் கெஞ்சி ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதை, பார் கவுன்சில் கண்ணால் பார்த்தால் வேலை கேட்பதாகவே தெரியும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? வாரத்தில் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். பேச்சைவிட எழுத்து நல்லது, தேடுகிறவருக்குக் கிடைக்கும், தப்பு வந்தால் திருத்தலாம். ஒரே ஒரு துறையை எடுங்கள். உங்கள் ஊரில் செக் கேஸ் அதிகம் என்றால் அதையே எடுங்கள். செக்கை மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அது கிடைத்த பிறகு பணம் கட்ட 15 நாள். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் பிராது. இதை ஒரு கற்பனைத் தேதியை வைத்து, காலண்டரில் விரல் வைத்துக் காட்டுவதுபோல் எழுதுங்கள். நோட்டீஸ் கவர் 'ஆள் இல்லை' என்று திரும்பினால் என்ன, கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக் என்றால் என்ன என்று அடுத்தடுத்துப் போகலாம். பத்துப் பதிவு எழுதி முடிக்கும்போது படித்தவர்களைவிட நீங்கள்தான் அதிகம் கற்றிருப்பீர்கள். மாஜிஸ்திரேட் திடீரென்று கேட்டால் பதில் நாக்கு நுனியில் இருக்கும். மூன்று வருட ஜூனியருக்கு நிச்சயமாகக் கிடைக்கும் லாபம் என்று நான் துணிந்து சொல்லக்கூடியது இது ஒன்றைத்தான்.

பக்கத்தில் பெயர், படிப்பு, ஊர், என்ரோல்மென்ட் எண். 'நம்பர் ஒன்', 'முன்னணி', 'நூறு சதவீத வெற்றி' எதுவும் வேண்டாம். நடக்கிற வழக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். கோர்ட் வளாகத்தில் கட்சிக்காரரோடு செல்ஃபி வேண்டாம், அவரே ஆசைப்பட்டாலும். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் சட்டம்) வழக்கு, பாலியல் குற்ற வழக்கு என்றால் பாதிக்கப்பட்டவரை யாராவது அடையாளம் கண்டுபிடிக்கும்படி ஊர்ப் பெயரோ பள்ளிப் பெயரோ போட்டாலே அது தனிக் குற்றம். பார் கவுன்சிலோடு நிற்காது. காணொலி விசாரணையைப் பதிவு செய்து வெட்டி ஒட்டிப் போடும் பழக்கமும் இப்போது பரவுகிறது, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மிச்ச நேரத்தைக் கோர்ட் ஹாலில் கழியுங்கள். உங்கள் வழக்கு வாய்தா ஆகிவிட்டால் உடனே ஆபீஸுக்கு ஓடாமல், அடுத்த சாட்சி விசாரணையை உட்கார்ந்து பாருங்கள். சீனியர்கள் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொள்ளும்போது 'நான் நின்றுகொள்கிறேன் சார்' என்று சொல்லுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலுக்கு எப்போது விண்ணப்பம் கேட்கிறார்கள் என்று விசாரித்து வையுங்கள். கட்டணம் சொற்பம்தான், ஆனால் நீங்களே முழுசாக நடத்தும் வழக்குகள் கிடைக்கும். என் நோட்டில் இருந்த பெயர்களில் பாதிக்கு மேல், நான் இப்படிச் சும்மா நின்ற இடங்களிலிருந்து வந்தவை. ஆறு மாதத்தில் வராது. எனக்கு நான்காவது வருடம் வரை வீட்டிலிருந்துதான் வாடகை வந்தது.

ஏஜென்சிக்கு இன்னும் 'இல்லை' என்று சொல்லவில்லை என்றால் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். கணக்கின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும், உங்கள் பெயரில் வரும் வாசகங்களை வெளியிடுவதற்கு முன் நீங்கள் பார்க்க முடியுமா என்பது ஒன்று. 36-ஆவது விதியை அவர்கள் படித்திருக்கிறார்களா என்பது இன்னொன்று. நான் விசாரித்த இடத்தில் இரண்டாவது கேள்விக்கு வந்த பதில், 'அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க சார்' என்பது. பார் கவுன்சில் நோட்டீஸ் அனுப்பினால் அது ஏஜென்சி முகவரிக்குப் போகாது, உங்கள் என்ரோல்மென்ட் முகவரிக்குத்தான் வரும்.